ஒரு நைராவுக்கு எத்தனை குவாச்சா

அக்காவின் கல்யாணத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது மாமா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். காரணம், நைஜீரியாவின் நைராவுக்கும் சாம்பியாவின் குவாச்சாவுக்கும் இடையிலான நாணயமாற்று விகிதம். லண்டனில் வேறெந்தத் தமிழ்க் கல்யாணத்துக்கும் இப்படியொரு தடை வந்திருக்காது.

எண்பதுகளின் தொடக்கத்தில் அப்பா நைஜீரியாவில் கணிதம் படிப்பித்தார். அம்மாவின் தமையனான மாமா சாம்பியாவில் அதையே படிப்பித்தார். யாழ்ப்பாணத்து வாத்திமார் பலர் அப்போது ஆப்பிரிக்காவில்தான் இருந்தார்கள். எண்பத்து மூன்றில் லீவில் லண்டனுக்கு வந்த இருவரும் டூட்டிங்கில் ஒரு நண்பர் வீட்டில் சந்தித்தார்கள். அடுத்த வேலை அப்பாவுக்குச் சாம்பியாவிலும் மாமாவுக்கு நைஜீரியாவிலும் கிடைக்கும் போலிருந்தது. இருவர் பையிலும் லண்டனில் எந்தக் கடையும் மாற்றித்தராத தாள்கள். எனவே ஒன்றுக்கு ஒன்று என்று தங்களுக்குள் மாற்றிக்கொண்டார்கள். அந்த ஆடியில் ஊரில் வெடித்த இனக்கலவரம் எல்லாத் திட்டத்தையும் கலைத்துவிட்டது. ஒருவரும் ஆப்பிரிக்கா திரும்பவில்லை. நாங்கள் எல்லாரும் லண்டனுக்கு வந்தோம். தாள்கள் பிஸ்கட் டின்களுக்குள் போயின.

பன்னிரண்டு வருடம் அவை அங்கே நிம்மதியாகக் கிடந்தன. பிறகு அக்காவுக்கு நிச்சயம் செய்த அன்று, மாப்பிள்ளையின் தகப்பன் சாப்பாட்டு மேசையில் ஆப்பிரிக்காவைப் பற்றிக் கேட்டார்.

"அதை ஏன் கேக்கிறியள்," என்றார் அப்பா. "பாங்கில ஒரு நைராவுக்கு ஒண்டரைக் குவாச்சாவுக்கு மேல. என்ர மச்சான் ஒண்டுதான் தந்தவர். நான் விசரன் மாதிரி வாங்கிக்கொண்டு வந்தனான்."

மேசை முழுக்கச் சிரித்தது, மாமாவைத் தவிர. அவர் பாயசத்தைத் தொடாமல் எழுந்து கைகழுவினார். வாசலில் அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "சம்பந்தி முன்னால என்னைக் கள்ளனாக்கிப் போட்டார். அந்தக் கதையைத் திருப்பி எடுக்கட்டும், அதுக்குப் பிறகு வாறன்."

அப்பா திருப்பி எடுக்க மறுத்தார். ஏமாந்தது தான், மன்னிப்பும் தானே கேட்பதா என்பது அவர் வாதம்.

அம்மா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார். "தாய்மாமன் இல்லாமல் பொம்பிளை மாப்பிளைக்கு முதல் பாலறுகு வைச்சு ஆர் ஆசீர்வதிக்கிறது? உன்ர கந்தோரில உதுதானே வேலை. உண்மையான கணக்கை எடுத்துக்கொண்டு வா."

என் வேலை உண்மையில் அதுதான். நகரத்தில் ஒரு சிறு கம்பனி பழைய நாணய விகிதங்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தது. அதற்கு நிரல் எழுதுபவள் நான். மதிய இடைவேளையில் தேடினேன். நைராவுக்கு நேரே குவாச்சா என்றொரு நிரையே இல்லை. அந்த இரண்டையும் நேருக்கு நேர் மாற்றிக்கொள்ள அப்பாவையும் மாமாவையும் தவிர உலகில் யாரும் ஆசைப்பட்டதில்லை போலும். இரண்டையும் ஸ்டேர்லிங் பவுணாக்கி வகுத்துப் பார்த்தேன். அப்பா சொன்னது சரி. பாங்கு விகிதத்தில் அவர் நன்றாக ஏமாந்திருந்தார்.

ஆனால் கறுப்புச் சந்தை விலையும் எங்களிடம் இருந்தது. அதில் நைரா பாங்கு சொன்னதில் சிறு பங்குக்குத்தான் போயிருந்தது. குவாச்சாவும் இறங்கியிருந்தது, ஆனால் அவ்வளவு மோசமாக இல்லை. தெருக்கணக்கில் ஒன்றுக்கு ஒன்று கொடுத்த மாமா வள்ளல்.

இது அவரைக் குளிர்விக்கும் என்று நினைத்து லூயிஷாமில் அவர் வீட்டுக்குப் போனேன். நான் கணக்கெழுதிய தாளை மாமா இரண்டு தரம் வாசித்தார். முகம் மலர்ந்தது.

"அப்ப உன்ர கொப்பர்தான் என்னை ஏமாத்தினவர்!"

"ஓம் மாமா. இனிக் கல்யாணத்துக்கு வரலாம்தானே?"

"இனியோ? இனி அவர் வந்து மன்னிப்புக் கேட்டால்தான்!"

திரும்பிவரும் ரயிலில், வேலையிடத்திலிருந்து கொண்டுவந்த மீதி அட்டவணைகளைப் புரட்டினேன். தலைப்பையும் எண்களையும் பார்த்தவள் அடிக்குறிப்புகளை அப்போதுதான் வாசித்தேன். வாசித்ததும் சிரிப்பு வந்தது. பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரி சற்றே தள்ளி உட்கார்ந்தாள்.

அப்பாவிடமும் மாமாவிடமும் ஒரே பொய்யைச் சொன்னேன். மற்றவர் பிழையை ஒத்துக்கொள்ளப் போகிறார், ஞாயிறு டூட்டிங் சாப்பாட்டுக் கடைக்கு உங்கள் தாள்களோடு வாருங்கள் என்றேன். இருவரும் வெற்றிக் களையோடு, டின்னும் கையுமாக வந்து சேர்ந்தார்கள். தேத்தண்ணியும் வடையும் வரும்வரை பொறுத்தேன்.

"எண்பத்து நாலில நைஜீரியா தாள்களின்ர நிறத்தை மாத்தினது. பழசு செல்லாது. எண்பத்தொன்பதில சாம்பியாவும் புதுத்தாள் அடிச்சது. அந்தப் பழசும் செல்லாது. ரெண்டு டின்னிலயும் இருக்கிறது சைபர்."

வடை ஆறிக்கொண்டிருந்தது.

"அப்ப விகிதம் ஒண்டுக்கு ஒண்டுதான்," என்றார் மாமா. "நான் அண்டைக்கே சரியாத்தான் தந்திருக்கிறன்."

"சைபரைச் சைபரால பிரிக்க ஏலாது மச்சான். நீ எந்தப் பள்ளிக்கூடத்தில கணக்குப் படிப்பிச்சனி?"

"ரெண்டும் சைபருக்குக் கிட்டப் போகேக்க எல்லை எடுத்துப் பார். எது முதல் சைபராகுது எண்டு பாக்கவேணும்."

கைதுடைக்கும் தாளில் இருவரும் வரைபு கீற ஆரம்பித்தார்கள். அப்பாவின் பேனை எண்பத்து நாலில் வந்து நின்றது. அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது.

"மச்சான், நான் உனக்குத் தந்தது அடுத்த வருசமே செத்துப்போச்சு. நீ தந்தது இன்னும் அஞ்சு வருசம் உயிரோட இருந்திருக்கு."

"அதைத்தானே சொல்லுறன். நான் நல்ல சரக்குத் தந்தனான்."

"ஓம். நான்தான் உன்னைச் சுத்திப்போட்டன்!" அப்பா மேசையில் தட்டினார். இப்படி மகிழ்ச்சியாக அவர் எந்தக் குற்றத்தையும் ஏற்று நான் கண்டதில்லை.

மாமா தலையைச் சோகமாக ஆட்டிக்கொண்டே அப்பாவின் வடையையும் எடுத்துச் சாப்பிட்டார்.

கல்யாணம் சட்டனில் ஒரு மண்டபத்தில் நடந்தது. முதல் பாலறுகை மாமாதான் வைத்தார். பந்தியில் அப்பா சம்பந்தியை மறித்து, "அண்டைக்குக் கதையை மாறிச் சொல்லிப்போட்டன். நைரா சாகப்போகுதெண்டு தெரிஞ்சு இந்த அப்பாவியின்ர தலையில கட்டினது நான்," என்றார்.

தெரிந்து என்பது சுத்தப் பொய். மாமாவுக்கும் அது தெரியும். இருந்தாலும் பக்கத்தில் நின்று, "என்ன செய்யிறது, சொந்தத் தங்கச்சியின்ர மனுசன்," என்று பெருமூச்சு விட்டார். பிறகு எனக்குக் கண்ணைக் காட்டி, இரண்டாவது கிண்ணம் பாயசத்துக்குக் கை நீட்டினார்.