சாமிச் சேவலின் தீனிப்பை

போன வாரம் இட்லி மாவு பொங்கி வழிந்துவிட்டது. காலையில் சமையலறைக் கதவைத் திறந்ததும் புளித்த வாடை முகத்தில் அடித்தது. மனைவி துணியோடு ஓடி வந்தாள். நான் நின்ற இடத்தில் நின்று, "இது கோழி வாயி வாடை லா" என்றேன். துடைத்துக்கொண்டிருந்த அவள் கை ஒரு நொடி நின்றது. பிறகு துணியை முறுக்கிப் பிழிந்தாள். அன்று எனக்கு இட்லி கிடைக்கவில்லை. நியாயம்தான்.

கோழி வளர்த்துப் பழக்கமில்லாதவர்களுக்குச் சொல்கிறேன். கோழிக்குக் கழுத்து முடிந்து நெஞ்சு தொடங்கும் இடத்தில் ஒரு பை உண்டு. தின்றதெல்லாம் முதலில் அங்கேதான் போய்ச் சேரும். நாங்கள் தீனிப்பை என்போம். பொழுது சாயும்போது அது புடைத்திருந்தால் சந்தோஷம். விடிந்து, தீனி போடுவதற்கு முன் தொட்டுப் பார்க்கும்போதும் புடைத்திருந்தால் சங்கடம். தண்ணீர் நிரப்பிய பலூன் மாதிரி தளதளவென்று இருந்து, வாயில் புளித்த மாவு வாடை அடித்தால் அது ஒரு நோவு. கல் மாதிரி கட்டிக் கிடந்தால் வேறு நோவு. லாலாங் புல்லோ வேறெதுவோ உள்ளே சுருண்டு வழியை அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கொன்று தெரிந்துகொண்டேன்.

சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில், அடுத்த வீடு சரோஜா அக்கா. மரத்தில் பால் வெட்டுகிறவர், புருஷன் இல்லை, ஏழு கோழிகள் உண்டு. அதில் முட்டையிடும் கோழி ஒன்றுக்குப் புளிப்பு நோவு வந்தது. எல்லாம் தெரிந்தவன் போல நான் அதன் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு, கழுத்தை நீவி, உள்ளே இருந்ததை வெளியேற்றினேன். வந்த தண்ணீர் மூச்சுக்குழாயிலும் இறங்கிவிட்டது. கோழி என் கையிலேயே அடங்கியது. அக்கா கோழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்னா டாக்டரு, கேஸு முடிஞ்சிருச்சா? எனக்குக் காய்ச்சல் வந்தா ஒங்கிட்ட மட்டும் வர மாட்டேன் லா தம்பி." அன்றிலிருந்து லயம் முழுக்க நான் டாக்டர்.

அக்காவிடம் எதற்கும் ஒரு சொல் இருக்கும். "கோழிக்கு நோவு கழுத்துல தெரியும், மனுசனுக்கு நோவு பேச்சுல தெரியும்" என்பார். நான் ரசித்து நோட்டில் எழுதி வைத்தேன். எழுதியவனுக்கு உறைக்கவில்லை.

பிறகு தோட்டம் கைமாறியது. லயத்தைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. கையெழுத்துப் போட்டால் ஈப்போவில் அடுக்குமாடி வீட்டுச் சாவி. அக்காவுக்கு முட்டி வலி, மாடிப்படி ஆகாது. அவர் பிறந்ததும் லயத்து வீட்டில்தான். "லயத்துல ஒரு வீட்டுச் சுவருதான் அடுத்த வீட்டுக்கும் சுவரு. ஒருத்தன் நவுந்தா எல்லாம் விழுந்துரும்" என்றார். பதினெட்டு வீட்டுக்காரர்களும் முனியாண்டி மரத்தடியில் கூடி, ஒருவரும் கையெழுத்துப் போடுவதில்லை என்று சூடம் அடித்துச் சத்தியம் செய்தோம். வீடு நிலைத்தால் வெட்டுவதாக ஒரு செஞ்சேவலை நேர்ந்துவிட்டோம். அது அடைவது அக்கா வீட்டில், மேய்வது எல்லார் வீட்டுக் கொல்லையிலும். சாமிச் சேவலை யார் விரட்டுவார்கள்?

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு காலையில் அக்கா கூப்பிட்டார். "டாக்டரு, இங்க வா. சேவலு தலையத் தொங்கப் போட்டுருக்கு."

தீனிப்பை கல்லாக இருந்தது. தேங்காய் எண்ணெய் நாலு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீர், மெல்லப் பிசைந்துவிடுதல் என்று எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். "தலகீழா புடிச்ச, ஒன்னத் தலகீழாத் தொங்க விட்டுருவேன்" என்று பக்கத்திலேயே நின்றார் அக்கா. மறுநாள் காலையும் கல் அப்படியே. இனி அறுத்து எடுப்பதுதான் வழி.

எதிர்வீட்டு மாரிமுத்து அண்ணன் தடுத்தார். "காயம் பட்ட சேவல சாமி ஏத்துக்காது, சரோஜா."

"செத்த சேவல ஏத்துக்குமா? போ அண்ணே, போயி வெந்நி கொண்டா."

நான் சேவலைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். அக்கா கொதிநீரில் போட்ட பிளேடை எடுத்து, இறகைப் பிடுங்கிய இடத்தில் தோலைக் கீறினார், பிறகு பையைக் கீறினார். மரத்தின் உள்கட்டையில் படாமல் பட்டையை மட்டும் சீவிப் பழகிய கை. முதலில் புல் வந்தது, ஊறிய அரிசி வந்தது. அப்புறம் நார். பெட்டி கட்டுகிற ராஃபியா கயிறு. நீலம், மஞ்சள், சிவப்பு என்று துண்டு துண்டாக வந்துகொண்டே இருந்தது.

வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள். வீடு மாறப் போகிறவன்தான் அவ்வளவு கயிறு வாங்குவான்.

"நீலம் யாரு?" என்றார் அக்கா. மாரிமுத்து அண்ணன் தன் செருப்பைப் பார்த்தார். "மஞ்ச?" பின்னால் யாரோ நகர்ந்து போனார்கள்.

சிவப்பு என்னுடையது. இரண்டு வாரத்துக்கு முன்பே ஈப்போ போய்க் கையெழுத்துப் போட்டிருந்தேன். நானும் மனைவியும் கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து பெட்டி கட்டி, நறுக்கிய மிச்சத்தைக் கொல்லையில் வீசியிருந்தோம். சிவப்பு யாரென்று அக்கா கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். "தம்பி, நல்லாப் புடி. இன்னும் தைக்கல."

பையைத் தனியாகவும் தோலைத் தனியாகவும் தைத்தார். முதல் நாள் தண்ணீர் மட்டும், பிறகு சில நாள் நீர்த்த கஞ்சி. சேவல் பிழைத்துக் கூவியது. லயம் பிழைக்கவில்லை. நீலக் கயிற்று வீடு முதல் லோரியில் போனது. மூன்றாவது லோரி என்னுடையது. ஏறும்போது அக்கா வந்தார். அந்தச் சிவப்பு நாரைக் கழுவிக் காயவைத்து, சுருட்டிக் கொண்டுவந்திருந்தார். "ஒன்னோடது தம்பி. பெட்டிக்கு ஆவும்."

கடைசிச் சுவர் இடியும் வரை அவர் அங்கேயே இருந்தார் என்று கேள்வி. வீடு நிற்காததால் சேவலை வெட்டவில்லையாம். "சாமியும் குடுக்கல, நானும் குடுக்கல" என்று அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சித்தியவானில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாராம். சித்தியவான் ஈப்போவிலிருந்து தூரமில்லை. நான் போனதில்லை.

எங்கள் அடுக்குமாடியில் கோழி கூடாது. சொலவடை எழுதிய நோட்டு எந்தப் பெட்டியில் தொலைந்ததோ தெரியவில்லை. போன வருடம் தோட்டத்துப் பக்கம் போனேன். ஒரு ரப்பர் மரம் கூட இல்லை. முனியாண்டி மரம் நின்ற இடத்தில் சாலை வளைந்து போகிறது. சரோஜா அக்கா வீட்டிலிருந்துதான் நான் எப்போதும் வீடுகளை எண்ணுவேன். அங்கே நின்று எண்ணப் பார்த்தேன். தொடங்குவதற்கு ஒரு சுவர் இல்லை.