முடியும் என்று குடித்த டீ

மார்க்கர் பேனா கையிலிருந்து நழுவியதை நான் கவனிக்கவில்லை. வகுப்பில் இருந்தவர்கள்தான் கவனித்தார்கள். போர்டில் "ஷீ குட் நாட்" என்பதுவரை எழுதியிருந்தேன். மீதியை வெறும் விரலால் எழுதிக்கொண்டிருந்தேனாம். திரும்பி ஏதோ கேட்டேன். எனக்கு அது சரியாகத்தான் கேட்டது, அவர்களுக்கு வெறும் குழறல். ஒரு பெண் சிரித்துவிட்டாள். அவளைத் திட்டக் கையைத் தூக்கினேன். கை வரவில்லை.

ஆரணியில் ஒரு பட்டுக் கடையின் மாடியில் பதினெட்டு வருடம் ஆங்கில இலக்கண வகுப்பு நடத்தியவன் நான். அப்பா தறி நெய்தவர். எனக்குத் தறி வரவில்லை, இங்கிலீஷ் வந்தது. கேன், குட், ஏபிள் டு என்று ஆங்கிலத்தில் 'முடியும்' என்பதைச் சொல்லும் வழிகள்தான் என் பேர்போன பாடம். நம் பக்கத்தில் பலர் "ஐ கேன் ஏபிள் டு கம்" என்பார்கள். கேன் என்றாலே முடியும், ஏபிள் என்றாலும் முடியும். இரண்டையும் சேர்த்தால் 'முடியும் முடியும்' என்றாகிவிடும். இப்படிப் பேசியவர்களை நான் ஓட்டாத ஓட்டு இல்லை. வாய்க்கொழுப்பு.

வேலூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். மூளையில் ரத்தக்குழாய் அடைத்துப் பக்கவாதம். வலது கை, கால், பேச்சு எல்லாம் போனதோடு டிஸ்ஃபேஜியாவும் வந்தது (விழுங்குவதில் சிரமம்: மூச்சுக்குழாய் நேரத்துக்கு மூடாததால் குடிப்பது நுரையீரலுக்குள் இறங்கிவிடும்).

மருத்துவர் கேரளத்துப் பெண். கையைத் தூக்க முடியுமா, விரலை மடக்க முடியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டே வந்தார். எல்லாவற்றுக்கும் "ஐ கேன்" என்று குழறினேன்.

"சொல்ல வேண்டாம் சார். செஞ்சு காட்டுங்க" என்றார் தமிழில்.

செய்ய முடியவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்று பார்க்க வந்தவர்கள் ஆறுதல் சொன்னார்கள். என்னை யானை என்றது பிடித்திருந்தது, சறுக்கியதுதான் பிடிக்கவில்லை.

படுத்திருந்த நாட்களில் வேறு வேலை இல்லாமல் இலக்கணத்தையே யோசித்தேன். "ஐ கேன்" என்பதில் 'நான்' முன்னால் வந்து மார்தட்டி நிற்கிறது. தமிழில் அப்படி இல்லை. 'என்னால் முடியும்', 'எனக்கு வரும்' என்கிறோம். வருவது வராமலும் போகும் என்று அந்தப் பேச்சிலேயே இருக்கிறது. அதைப் பதினெட்டு வருடத்தில் ஒரு நாளும் வகுப்பில் சொன்னதில்லை.

ஒரு மாதத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். தண்ணீரோ டீயோ, எதுவானாலும் கெட்டியாக்கும் மாவு கலந்து, கூழ் பதத்தில், ஸ்பூனால், தாடையைத் தாழ்த்தி விழுங்க வேண்டும். என் மனைவி தேவகி இதையெல்லாம் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்தாள்.

அப்போதுதான் குமரேசன் பார்க்க வந்தான். சேவூர்க்காரன். பதினைந்து வருடத்துக்கு முன் என் வகுப்பில் படித்து, பாதியில் நின்றவன். இப்போது சொந்தமாக விசைத்தறி வைத்திருக்கிறான், பெங்களூர் வியாபாரிகளோடு போனில் இங்கிலீஷில் பேசுகிறான். அந்த 'கேன் ஏபிள்' தவறை விடாமல் செய்ததால் நான் அவனுக்கு வைத்த பேர் 'கேனேபிள்'. வகுப்பே அப்படித்தான் கூப்பிட்டது. அவன் நின்றுபோனதையும் ஒரு ஜோக்காக்கி அடுத்த வகுப்புக்குச் சொன்னேன்.

தேவகி அவனுக்கு டீ கொடுத்தாள். எனக்குக் கிண்ணத்தில் கூழும் ஸ்பூனும், கழுத்தில் கட்டத் துண்டும் எடுத்து வந்தாள். நான் அவனுடைய டம்ளரைக் காட்டி எனக்கும் அதுதான் வேண்டும் என்றேன்.

"என்னங்க, டாக்டர் என்னா சொன்னாங்க?"

"முடியும்."

முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அவன் எதிரில் துண்டு கட்டிக்கொண்டு உட்கார எனக்கு மானக்கேடாக இருந்தது. காரணம் அவ்வளவுதான். இடது கையால் அவன் டம்ளரையே எடுத்து மூன்று மடக்குக் குடித்தேன்.

நான்காவது மடக்கில் இருமல் பிடித்தது. விடவே இல்லை. உதடு நீலமாகிவிட்டது என்று தேவகி பிறகு சொன்னாள். குமரேசன் என்னைத் தூக்கித் தன் காரில் போட்டான். "ஜல்தியா போயிடலாம் சார். பேசிகினே வரேன், கண்ண மட்டும் மூடாதீங்க" என்று வேலூர்வரை சொல்லிக்கொண்டே ஓட்டினான்.

அவசரப் பிரிவில் அன்று பணியில் இருந்த மருத்துவர் வடக்கத்திக்காரர். தமிழ் தெரியாது. தேவகிக்கு இங்கிலீஷ் தெரியாது. இங்கிலீஷ் வாத்தியாருக்கோ மூச்சே வரவில்லை. குமரேசன்தான் பேசினான்.

"சார் கேன் ஏபிள் டு ப்ரீத் லிட்டில், டாக்டர். நாட் கேன் ஏபிள் டு ஸ்வாலோ. டீ கோயிங் இன்சைட் லங்."

மருத்துவர் தலையை ஆட்டிவிட்டு, அடுத்த நொடி தொண்டைக்குள் குழாய் விட்டு உறிஞ்சத் தொடங்கினார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஆனால் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த அந்த நேரத்திலும் என் மனம் அவன் வாக்கியத்தில் தப்புக் கண்டுபிடித்தது. இதை எழுதவே கூசுகிறது. ஆனாலும் நடந்தது அதுதான்.

ஆஸ்பிரேஷன் நிமோனியா என்றார்கள் (உள்ளே இறங்கிய உணவாலோ நீராலோ நுரையீரலில் வரும் தொற்று). பதினோரு நாள் மூக்கில் குழாய். குழாயை எடுத்த பிறகு குமரேசன் வந்தான். அவனுக்கு அந்தப் பேர் வைத்தது தப்பு என்று சொன்னேன். ஐந்து சொல் சொல்ல எனக்கு அவ்வளவு நேரம் ஆனது. அவன் பொறுமையாகக் கேட்டுச் சிரித்தான்.

"அத வுடுங்க சார். எங்க தெருவுல இன்னும் அந்தப் பேருதான். கொரியர்காரன்கூட அத சொல்லித்தான் வழி கேட்டுகினு வரான்."

எழுந்து நாற்காலியைச் சுவரோரம் தள்ளிவைத்தான். பிறகு, "பொண்ணு பாக்கப் போன எடத்துலதான் கொஞ்சம் கஷ்டமா போச்சி" என்றான்.

அவன் கொண்டுவந்திருந்த சாத்துக்குடிப் பையை மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பினான்.

இதே நோயில் இருப்பவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். விழுங்க முடியாவிட்டால் முடியாது என்று சொல்லுங்கள். வந்திருப்பவர் யாராக இருந்தாலும் சொல்லுங்கள். நேற்று முடிந்தது இன்று முடியாமல் போகலாம், அதையும் சொல்லுங்கள். எனக்கு அது ஆங்கிலத்திலும் வரவில்லை, தமிழிலும் வரவில்லை. அதனால் என் மனைவி அந்தப் பதினோரு நாளும் மருத்துவமனைத் தரையில் படுத்தாள்.

போன வாரம் ஒரு பெண்ணின் பெற்றோர் வந்திருந்தார்கள். வங்கித் தேர்வுக்கு அவளுக்கு இலக்கணம் எடுக்க முடியுமா என்று கேட்டார்கள். "இப்ப என்னால முடியாதுங்க" என்றேன். நாக்கு இதற்குள் தேறியிருந்தது, தெளிவாகத்தான் பேசியது. உடம்பெல்லாம் கூசியது. தேவகி அவர்களுக்கு டம்ளரும் எனக்குக் கிண்ணமும் வைத்தாள். அவர்கள் குடித்து முடித்துவிட்டு, எழுந்து போவதா உட்கார்ந்திருப்பதா என்று தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு ஸ்பூன் வாயில் வைத்து, தாடையைத் தாழ்த்தி, அது முழுதாக இறங்கும்வரை காத்திருந்தேன். பிறகு அடுத்த ஸ்பூன் எடுத்தேன்.