இரட்டைத் தையல் போட்ட மனு

தையல்காரம்மா பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவர் என்பது தெருவுக்கே தெரியும். எழுத ஆரம்பித்தாலும் அதே கதைதான் என்பது காவல் துறையின் ஆவணப் பிரிவுக்கு மட்டும்தான் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன் விபத்தில் இறந்துபோன கணவரைப் பற்றி அவர் அங்கே போட்ட முதல் மனு நான்கு பக்கம். அதில் மூன்றரைப் பக்கம், அந்த மனுஷன் எவ்வளவு தங்கமானவர் என்பது.

அன்றைக்கு நூலும் பட்டனும் வாங்கிவரக் கணவர் சைக்கிளில் கிளம்பினார். தையல்காரம்மாவுக்கு ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடை ஆர்டர் தலைக்கு மேல் இருந்தது. ஒரு மெஷினில் அவர், இன்னொன்றில் நாத்தனார். இரண்டும் ஓடினால் அந்த அறையில் இடி விழுந்தாலும் கேட்காது. வேலை முடிந்து நிமிர்ந்து போனைப் பார்த்தால், கணவரின் எண்ணிலிருந்து இரண்டு அழைப்புகள் வந்து நின்றிருந்தன. திருப்பிக் கூப்பிட்டபோது எடுத்தது ஆஸ்பத்திரி ஊழியர். திரும்பி வரும் வழியில் ஒரு வேன் இடித்திருந்தது. எல்லாம் முடிந்துபோயிருந்தது.

போதாக்குறைக்கு, துக்கம் கேட்க வந்த பழக்கடைக்காரர், "ஒரு மணி நேரம் ரோட்டுலயே கிடந்தாராம், ஏன்னு கேக்க நாதி இல்லையாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னவர் தெருமுனை தாண்டுவதற்குள் மறந்திருப்பார். கேட்டவர் ஆறு வருஷம் சுமந்தார். ஆளில்லாமல் கிடந்து, பெண்டாட்டியைக் கூப்பிட்டு, அவளும் எடுக்கவில்லையே என்று மனம் நொந்து போய்ச் சேர்ந்தாரா? மெஷினில் உட்காரும்போதெல்லாம் இந்த ஒரு கேள்விதான்.

கறுப்பு அங்கியைப் பிடித்துத் தைத்துக்கொள்ள வந்த வக்கீல் ஒருவர்தான், போலீஸ் வைத்திருக்கும் காகிதங்களைப் பொதுமக்களும் கேட்டு வாங்கலாம் என்று சொன்னார். அன்றே பேனா எடுத்தாயிற்று. நான்கு பக்க மனுவுக்கு ஒரு வரியில் பதில் வந்தது: "கேட்கப்பட்டிருப்பது கேள்வி, ஆவணம் அல்ல. வழங்க இயலாது."

நாத்தனார் வாய்விட்டுச் சிரித்தாள். "அண்ணி, நீங்க மனு எழுதலை. சம்பந்தி வீட்டுக்கு லெட்டர் எழுதறீங்க."

இரண்டாவது மனு ஐந்து பக்கம். அது மூன்றாம் பக்கத்தைக் காணோம் என்று திரும்பி வந்தது. குத்தியிருந்த பின் எங்கோ வழியில் கழன்றிருக்க வேண்டும். தையல்காரம்மாவுக்கு வந்ததே கோபம். முப்பது வருஷத் தொழிலில் அவர் கையிலிருந்து ஒரு பட்டன் உதிர்ந்தது கிடையாது, காகிதம் உதிருமாமே! மூன்றாவது மனுவின் ஐந்து பக்கங்களையும் அடுக்கி மெஷினில் கொடுத்து, இடது ஓரத்தில் இரட்டைத் தையல் ஓட்டி, இரண்டு முனையிலும் கெட்டித் தையல் போட்டு அனுப்பினார். இனி பிரியட்டும், பார்க்கலாம்.

ஆவணப் பிரிவில் வருகிற மனுவையெல்லாம் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து ஏற்றுகிறவர் ஓர் எழுத்தரம்மா. தள்ளிவிட்டால் ஸ்கேன் மெஷினே இழுத்துக்கொள்ளும். நின்று படிக்க நேரம் ஏது? இந்த மனுவை மெஷின் இழுக்கவில்லை. கையால் இழுத்தால் காகிதம் கிழியும், தையல் விடாது. வேறு யாராவது என்றால், முறையாக இல்லை என்று எழுதி அப்படியே திருப்பியிருப்பார்கள். இந்த மகராசி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்த மனுவைப் புத்தகம் மாதிரிப் புரட்டி, முதலிலிருந்து கடைசி வரை படித்தார். பிறகு போனை எடுத்தார்.

மறுநாள் காலை தையல்காரம்மா சின்னக் கத்திரியோடு அவர் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து, தான் போட்ட தையலைத் தானே பிரித்துக்கொண்டிருந்தார். எழுத்தரம்மா குரலைத் தாழ்த்தினார்.

"ஏன் எதுக்குன்னு கேட்டா இங்க யாராலயும் பதில் சொல்ல முடியாதும்மா. எந்தக் காகிதம் வேணும்னு சொல்லுங்க, தேடித் தரலாம். அவசர எண்ணுக்கு யாராவது கூப்பிட்டா, போனை எடுத்தவங்க காதுல விழறதை நிமிஷம் நிமிஷமா தட்டி வைப்பாங்க. அதுக்கு அழைப்புக் குறிப்புன்னு பேரு. தேதி, இடம், இந்தப் பேரு. மூணு வரி போதும்."

மூன்று வரியில் எழுதத் தையல்காரம்மா பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். ஆனால் எழுதினார்.

மூன்று வாரத்தில் உறை வந்தது. உள்ளே ஒரே தாள். கூப்பிட்டவரின் பெயரும் எண்ணும் இருந்த இடத்தில் கறுப்பு மை. கீழே நேரம் போட்டு நான்கு வரிகள்.

4.12: வேன் மோதி சைக்கிளில் வந்தவர் காயம். அழைப்பவர் அவ்வழியே நடந்து வந்த பெண்.

4.15: காயமடைந்தவர் பேசுகிறார். அழைப்பவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

4.21: அவர் போனிலிருந்து மனைவியை இரண்டு முறை அழைத்தும் எடுக்கவில்லை. மெஷின் ஓடும், அவளுக்குக் கேட்காது, விடுங்கள் என்று காயமடைந்தவர் சொல்கிறார்.

4.31: ஆம்புலன்ஸ் வந்தது. அதுவரை அழைப்பவர் கையை விடவில்லை.

தையல்காரம்மா நின்றபடியே படித்தார். மறுபடி படித்தார். நாத்தனார் தன் மெஷினை நிறுத்திவிட்டு வந்து, தாளை வாங்கிப் பார்த்து, அண்ணியைக் கட்டிக்கொண்டாள். ஆறு வருஷமாக வராத அழுகை இருவருக்கும் அன்றைக்கு வந்தது. அது நிம்மதியில் வந்த அழுகை. கடவுளே, அவர் தனியாக இல்லை. கோபித்துக்கொண்டும் போகவில்லை. இது போதும் என்று தையல்காரம்மா திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஆனால் போதவில்லை. அடுத்த நாளே எழுத்தரம்மாவிடம் போய் நின்றார். அந்தப் பெண்ணின் பெயரைத் தர முடியாது, சட்டம் விடாது என்றார் எழுத்தரம்மா. கும்பிட்டுவிட்டுத் திரும்பப் போனவரை அவரே நிறுத்தினார். கடிதம் கொடுத்தால் அந்த முகவரிக்கு அலுவலகமே அனுப்பி வைக்கலாம், அதற்கு வழி உண்டு என்றார். சொன்ன கையோடு, ஆளைத் தெரிந்தவர் ஆயிற்றே, ஒரு கத்தைக் காகிதத்தை எடுத்து முன்னால் வைத்தார்.

தையல்காரம்மா மேல் தாளை மட்டும் எடுத்துக்கொண்டார். வெகுநேரம் பேனாவைப் பிடித்தபடி இருந்தார். எழுதி முடித்து நீட்டியதை எழுத்தரம்மா வாங்கிப் பார்த்தார்.

"பதினாறு நிமிஷம் என் வீட்டுக்காரர் கையை விடாம பிடிச்சிருந்தீங்க. உங்களுக்குக் கோடி நன்றி. மெஷின்ல இருந்தவ."

எழுத்தரம்மா தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

"அவ்வளவுதானாம்மா?"

"அவ்வளவுதாங்க" என்றார் தையல்காரம்மா.