இளவரசு எழுதி வைத்த பாதி

சிதம்பரம் பேருந்து நிலையத்திலிருந்து வண்டி நகர்வதற்குள் இசைவாணி மடிக்கணினியைத் திறந்துவிடுகிறார். செவ்வாய்க்கிழமைதோறும் கடலூருக்கு இதே பேருந்து, இதே ஜன்னல் ஓரம். புதுச்சத்திரம் வரை தட்டச்சு. பிறகு கணினியை மூடிவிட்டு, மீதியை ஆள்காட்டி விரலால் முழங்கால்மேல் எழுதிப் பார்ப்பார். தினமும் அந்த வண்டியில் வேலைக்குப் போகிற எனக்கு அவர் பழக்கமானது அந்த விரலால்தான்.

வயது நாற்பத்து நான்கு. போட்டோ ஸ்டூடியோக்களுக்கு மென்பொருள் எழுதுகிறார். உடன் படித்தவர்கள் எல்லாரும் செல்போனுக்கு எழுதப் போய்விட்டார்கள். இவர் மட்டும் மேசைக் கணினியை விடவில்லை. ஏன் என்று கேட்டால், "அதுலதாங்க என் கை போவுது" என்பார். டீயில் ஆடை படிந்த பிறகுதான் குடிப்பார். பிழை பிடிபட்டால் முகத்தில் ஒன்றும் தெரியாது, கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைப்பதோடு சரி.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் சாமிக்கண்ணு என்பவரின் ஸ்டூடியோவில் இரண்டு மென்பொருள்கள் ஓடுகின்றன. கல்யாணப் படங்களைப் பொறுக்கி எடுப்பது இசைவாணி எழுதியது. அவற்றை ஆல்பமாக அடுக்குவது இளவரசு எழுதியது. ஒன்றிலிருந்து படத்தை மவுசால் இழுத்து வந்து மற்றதில் போட வேண்டும். பதினோரு வருடத்துக்கு முன் அதே தெருவில் ஓர் அறை பிடித்து, இருவரும் அடுத்தடுத்த மேசையில் உட்கார்ந்து எழுதினார்கள். பிறகு இளவரசுக்குக் கனடாவில் வேலை கிடைத்தது. கடலூர் பேருந்து நிலையத்தில் வைத்து, நீயும் வருகிறாயா என்று கேட்டிருக்கிறார். இசைவாணியின் அப்பா அப்போது படுக்கையில் இருந்தார். "அப்பாவ யாரு பாத்துப்பா?" என்று இவர் கேட்டார். அதோடு பேச்சு நின்றுபோனது. அப்பா இறந்து மூன்று வருடம் ஆகிறது. அதையும் இவர் எழுதித் தெரிவிக்கவில்லை.

இந்த வருடம் சிக்கல் வந்தது. புதுக் கேமராக்களின் படங்கள் மிகப் பெரியவை. நாற்பது படங்களைச் சேர்த்து இழுத்துப் போட்டால் கணினி அசையாமல் நின்றுவிடும். சாமிக்கண்ணு பொறுத்துப் பார்த்தார். "கஸ்டமர உக்கார வெச்சிக்கினு எவ்ளோ நேரம்மா முழிக்கிறது? தை பொறக்கறதுக்குள்ள சரி பண்ணு. இல்லன்னா ரெண்டையும் தூக்கிட்டு வேற போட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டார்.

வழி இவருக்குத் தெரியும். படங்களை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் பிரதி எடுத்து அனுப்புவதால்தான் தாமதம். இரண்டும் சேர்ந்து திறக்கிற மாதிரி நினைவகத்தில் ஒரு பொதுக் கோப்பை வைத்தால், படங்கள் அங்கேயே இருக்கும். இழுத்துப் போடும்போது கோப்பின் பெயர் மட்டும் போனால் போதும். "ஒரே ரூமுக்கு ரெண்டு வாசல். ரெண்டு பேரும் ஒரே பேரச் சொல்லித்தான் கதவத் தட்டணும்" என்று எனக்கு விளக்கினார். தன் பக்கத்து வாசலை ஒரு வாரத்தில் எழுதிவிட்டார். அடுத்த பக்கம் இளவரசுடையது. அதைத் திருத்தத் தேவையான மூலநிரல் அவரிடம்தான் இருந்தது.

கேட்டு எழுத இவருக்குப் பத்து நாள் பிடித்தது. இடையில் வந்த செவ்வாயன்றும் பேருந்தில் மடிக்கணினி திறந்தேதான் இருந்தது, எழுத்து ஓடவில்லை. கடைசியில் நலம் விசாரிப்பு எதுவும் இல்லாமல், ஆல்பம் நிரல் வேண்டும் என்று இரண்டு வரி எழுதி அனுப்பினார். மறுநாள் காலையே முழு நிரலும் வந்துவிட்டது. கூடவே ஒரு வரி: "கடைசிப் பக்கம் பாரு."

வண்டி ஆலப்பாக்கம் தாண்டும்போது அந்தப் பக்கத்தை எனக்குக் காட்டினார். இளவரசு ஊரைவிட்டுக் கிளம்பிய வாரத்தின் தேதி. அறுபது வரிகள், ஓடாதபடி அடைத்து வைக்கப்பட்டிருந்தன. பொதுக் கோப்பைத் திறந்து படங்களை வாங்கிக்கொள்கிற பாதியை அவர் அப்போதே எழுதிவிட்டிருக்கிறார். மேலே ஒரு குறிப்பு: "இசை அவ பக்கத்த முடிச்சதும் இதத் திறக்கணும்." பொதுக் கோப்புக்கு அவர் வைத்திருந்த பெயரும் 'இசை'தான்.

"இப்படி ஒண்ணு வரும்னு அப்ப ஒருநாள் பேசிக்கிட்டோம். எழுதி வெச்சத சொல்லாமலே போயிட்டான்" என்றார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பானோ என்னவோ என்று தனக்குத்தானே சேர்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு கடலூர் வரை விரல் முழங்காலுக்கு வரவில்லை.

நானும் அன்று ஸ்டூடியோவுக்குக் கூடப் போனேன். இசைவாணி அடைப்பை எடுத்துவிட்டு, தன் பக்கத்தில் வைத்திருந்த பெயரை அழித்து இளவரசு வைத்த பெயரையே போட்டார். அந்த அறுபது வரிகளில் ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை. சாமிக்கண்ணு நூற்றிருபது படங்களைச் சேர்த்துப் பிடித்து இழுத்து விட்டார். விட்ட கணமே மாலையும் தாலியுமாக எல்லாம் ஆல்பத்துக்குள் வந்து நின்றன. சாமிக்கண்ணு நம்பாமல் மறுபடியும் இழுத்துப் பார்த்தார். பிறகு, "இத மொதல்லயே செஞ்சிருக்கலாமேம்மா" என்றார்.

இசைவாணி இன்னொரு தடவை இழுக்கச் சொல்லிச் செல்போனில் வீடியோ எடுத்தார். இளவரசுக்கு அனுப்பினார். கீழே ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அங்கே இப்போது விடிந்திருக்காதே என்று நான் கேட்டேன்.

"விடியட்டும்ங்க" என்றார். போனின் சத்தத்தைக் கடைசிவரை ஏற்றி, திரை மேலே தெரியும்படி மேசைமேல் வைத்துவிட்டு, நாற்காலியை அதன் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.