நூற்றுப்பத்தும் நூற்றுப்பத்தும்

சக்கரத்தைக் கண்டுபிடித்ததுதான் மனித குலத்தின் பெரும் சாதனை என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். இந்தப் பிழையைத் திருத்தாமல் நான் கண்மூட முடியாது. சக்கரம் சுலபம், அதை முன்சக்கரத்தைக் கவ்வும் கவையான ஃபோர்க்கில் மாட்டுவதுதான் சாதனை. தங்க வயலில் மலைப்பாதை சைக்கிள்களைப் பழுதுபார்க்கிறவன் சொல்கிறேன். குலுக்கலை வாங்கிக்கொள்ளும் சஸ்பென்ஷன் ஃபோர்க் வாங்கி அவதிப்பட்டவர்கள் தலையாட்டுங்கள்.

டீக்கடை யோசனை

முன்சக்கரத்தின் நடுவே போகும் தண்டுதான் ஆக்சில். ஒன்பது எம்எம் தடிமனில் ஒன்று, பதினைந்தில் ஒன்று, இருபதில் ஒன்று. ஃபோர்க்கின் இரு கால்களுக்கு நடுவே நூறு எம்எம் இடம் விடுகிறவர்கள் உண்டு. நூற்றுப்பத்து விடுகிறவர்களும் உண்டு. தன் அளவே உறுதியானது என்று ஒவ்வொரு கம்பெனியும் சாதிக்கிறது. இதை நான் அரை மணி நேரம் விளக்கியதைப் பொறுமையாகக் கேட்ட வாடிக்கையாளர் ஒருவர், பெங்களூர் ரயிலுக்கு எழுந்துகொண்டே கேட்டார்: "இன்னா சார், எல்லா கம்பெனிக்காரனும் ஒரு டீக்கடையில உக்காந்து பேசியிருந்தா முடிஞ்சிருக்குமே?"

நான் சொன்ன ஆலோசனை

கீதா இங்கே ஊரிகம் பகுதிக்காரர். ஐந்து நாள் பெங்களூரில் கணினி வேலை; மீதி இரண்டு நாள் சயனைடு மேட்டில் சைக்கிள். சுரங்கம் அரைத்துக் கொட்டிய மண்மலைகளுக்கு இங்கே அதுதான் பெயர். அந்த வார ஞாயிறு அவருடைய முதல் போட்டி. ஒரு வருடமாக அதற்காகவே மேட்டில் விழுந்து எழுந்தவர். அவருடைய பழைய ஒன்பது எம்எம் ஃபோர்க் இறக்கத்தில் கையை உதறிக்கொண்டிருந்தது.

"நூற்றுப்பத்து ஃபோர்க் எதுவாச்சும் கிடைச்சா வாங்கிடும்மா, சக்கரம் என்கிட்ட இருக்கு" என்று போனில் சொன்னேன். வியாழனன்று வாங்கி வந்தார். ஃபோர்க் நூற்றுப்பத்துதான்; ஆக்சில் பதினைந்து. என் சக்கரமும் நூற்றுப்பத்துதான், துளை இருபது. யார் எந்த அளவைச் சொன்னாலும் "எதனுடைய அளவு?" என்று மடக்குகிற நான், தடிமனைச் சொல்ல மறந்திருந்தேன். கீதா சக்கரத்தின் துளை வழியாக என்னைப் பார்த்தார்: "எங்களோட மட்டும் அரை எம்எம்முக்கு சண்டை போடுவீங்களேண்ணா?"

லேத்தில் போடு

எதுவும் பொருந்தவில்லை என்று இந்த ஊரில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. வெளியூர் சாமானுக்குக் காத்திருக்காமல் சுரங்கத்துக்கு வேண்டியதை இங்கேயே கடைந்து பழகிய ஊர். இங்கே மைசூர் மைன்ஸ் பகுதியில் லேத் வைத்திருக்கும் என் நண்பன் செல்வம், வெள்ளி மாலைக்குள் ஓர் அலுமினியக் குழல் கடைந்து கொண்டுவந்தான். வெளியே இருபது, உள்ளே பதினைந்து. மயிரிழைகூட ஆட்டமில்லை. சக்கரம் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. கீதா கைதட்டினார்.

நான் பிரேக் கவ்வும் வட்டத் தகடான டிஸ்க்கைப் பார்த்தேன். அது பிரேக் பிடிக்கும் இடத்துக்கு ஐந்து எம்எம் உள்ளே தள்ளி நின்றது. இருபதுகாரர்களின் நூற்றுப்பத்தில் டிஸ்க் ஓர் இடத்தில். பதினைந்துகாரர்களின் நூற்றுப்பத்தில் வேறோர் இடத்தில். இதையும் விளக்கினேன். செல்வம் கையைத் துடைத்துக்கொண்டான்: "கதவை ஜோரா மாட்டிட்டேன், தாழ்ப்பாள் பக்கத்து வூட்ல கீதுன்றியே வாத்தியாரே!"

தட்டு

டிஸ்க்குக்கு அடியில் ஐந்து எம்எம் தட்டு ஒன்று கடைந்து வைத்துவிடலாம் என்றான் செல்வம். "வைங்கண்ணா" என்றார் கீதா. வைத்திருக்கலாம், பிடித்தும் இருக்கலாம். ஆனால் சோதித்துப் பார்க்காத ஒரு தட்டை நம்பி முன்பிரேக், அதுவும் முதல் போட்டியின் இறக்கத்தில். மாட்டேன் என்றேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். இரண்டாவது வாக்கியம் எனக்குப் பழக்கமில்லாததால் இருமுறை சொல்ல வேண்டியிருந்தது.

சனிக்கிழமை முழுக்கப் பழைய ஒன்பது எம்எம் ஃபோர்க்கைப் பிரித்துக் கழுவி, புது சீல் போட்டு மாட்டினேன். கீதா கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சைக்கிளை வெளியே உருட்டினார். வாசலில் நின்று சொன்னார்: "கடைசியா வந்தேன்னு வைங்க, ரிசல்ட் லிஸ்ட்ல உங்க பேரையும் போடச் சொல்லுவேன்."

ஞாயிற்றுக்கிழமை கீதா மூன்றாவதாக வந்தார். திங்கட்கிழமை காலை, நல்ல பதினைந்து எம்எம் ஃபோர்க்கைக் கழற்றிவிட்டு ஒன்பது எம்எம் மாட்டித் தரச் சொல்லி இரண்டு பேர் கடை வாசலில் நின்றார்கள்.