ஆலப்புழைப் படகுக்கு நச்சுவாயு அலாரம்

நச்சுவாயு அலாரம் விற்கிறவனுக்கு, விற்ற பொருள் சத்தமே போடக்கூடாது என்று வேண்டிக்கொள்வதும் வியாபாரத்தில் சேர்த்தி. கடை வைத்திருக்கும் உங்களுக்கும் இப்படி ஏதாவது ஒரு தலைவிதி இருக்கும். போத்தனூரில் எனக்கு இது.

மூக்கே போதும்

அன்னூர் விவசாயி நாச்சிமுத்து ஆலப்புழையில் ஒரு படகுவீடு வாங்கியிருந்தார். ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு வரும், ஏ.சி. போட்டுச் சாத்திய அறைக்குள் அது புகுந்தால் தூங்குகிறவர் எழுந்திருக்கமாட்டார் என்று கேள்விப்பட்டு, மனைவி அம்சவேணி அவரைக் கடைக்கு இழுத்து வந்தார். நாச்சிமுத்துவோ சமையல் கேஸ் அலாரத்தை எடுத்து வைத்துக்கொண்டார். அது வேறு, இது வேறு, இந்த வாயுவுக்கு வாசமே கிடையாது என்று தொண்டை வற்ற விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"பாய், நம்ம மூக்குக்குத் தெரியாத வாசம் இன்னும் பொறக்கலீங்க."

எத்தனை வேண்டும்

ஒருவழியாகச் சம்மதித்து, ஜெனரேட்டர் பக்கத்தில் ஒன்று போதும் என்றார். புகை கிளம்பும் இடத்தில் வேண்டாம், ஆள் தூங்கும் இடத்தில் மாட்டுங்கள் என்றேன். அப்படியானால் விருந்தாளிகளின் இரண்டு அறைக்கு இரண்டு. அப்போது அம்சவேணி, சமையல்காரர் எங்கே படுப்பார் என்று கேட்டார். ஜெனரேட்டருக்கு அடுத்த சின்ன அறையில் என்று கணவர் சொன்னதும் மூன்றாவதைத் தானே எடுத்து வைத்தார். எத்தனையோ படகுக்காரர்களைப் பார்த்திருக்கிறேன், இதை ஒருவரும் கேட்டதில்லை.

"நம்ம படகுல யாரு தூங்குனாலும் நம்ம பொறுப்புங்க," என்றார்.

சந்தனப் பொட்டு

படகுக்குப் பூஜை போட்ட படம் வாட்ஸ்அப்பில் வந்தது. புதுப் பொருளாயிற்றே, மூன்று அலாரத்துக்கும் சந்தனம், குங்குமம்; அதுவும் காற்று நுழையும் துளைகளை அடைத்துத் தாராளமாக. துளை அடைத்தால் அலாரத்துக்கு வாயு தெரியாது, துடைத்தாலும் நம்ப முடியாது. போன் செய்து, மாற்றும்வரை யாரையும் ஏற்றாதீர்கள் என்றேன். முதல் சவாரியைத் திருப்பி அனுப்பிவிட்டு, மறுநாளே அம்சவேணி காரில் வந்து மூன்றும் புதிதாக வாங்கினார். கிளம்பும்போது சொன்னார்:

"இனிப் பொட்டு எஞ்சினுக்கு மட்டும் வெச்சுக்கறோமுங்க."

மத்தியானத் தூக்கம்

போன மாதம், சாப்பாடு முடிந்து எல்லோரும் கண்ணயர்ந்த நேரத்தில் சமையல்காரர் அறை அலாரம் கத்தியிருக்கிறது. ஜெனரேட்டரின் புகைக்குழாயில் விரிசல். படகிலிருந்த நாச்சிமுத்து ஓடிப்போய் ஜெனரேட்டரை நிறுத்தி, கதவு ஜன்னலெல்லாம் திறந்துவிட்டு, எழ முடியாமல் கிடந்தவரைத் தோளில் தூக்கிக்கொண்டு படகின் முகப்புக்கு வந்திருக்கிறார். அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, அங்கிருந்தே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"அவரு கண்ணு முழிச்சுப் பாத்தாரு பாருங்க பாய், அதுக்கப்பறந்தான் எனக்கு உசுரே வந்துச்சு."

உயிர் காக்கும் தொழில் என்று போர்டில் எழுதி மாட்டியிருப்பவன் நான், அதைச் செய்கிறவர்கள் என்னவோ அன்னூரில் இருக்கிறார்கள்.