பதவி வருமுன்னே கொடுத்த பிரியாணி

போன வாரம் செனாவாங் தொழிற்சாலையில் என் லைன் ஆட்கள் எல்லாருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். மேனேஜர் பதவி எனக்குத்தான் என்று ஊரே சொன்னது. "பெலாஞ்சா இல்லியாண்ணே?" என்று என் லைன் கவிதா விருந்து கேட்டபோது மறுக்க மனம் வரவில்லை.

இன்று காலை புது மேனேஜர் வந்துவிட்டார். வெளியிலிருந்து எடுத்திருக்கிறார்கள். நம்ம தமிழ் ஆள்தான், என்னைவிட ரொம்ப இளையவர். அவருக்குத் தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டும் வேலை எனக்கு.

கேண்டீனில் எங்கள் லைன் ஆட்களோடு உட்கார்ந்ததும் கேட்டார்.

"அண்ணே, போன வாரம் எல்லாருக்கும் பிரியாணி பெலாஞ்சா பண்ணீங்களாமே? கேட்டுல நிக்கிற கார்டு அங்கிள் சொன்னாரு. என்ன விசேஷம்?"

மேசையில் எல்லாரும் தட்டுக்குள் குனிந்துகொண்டார்கள்.

"பர்த்டே லா, பாஸ்" என்றேன்.

"அடடா, நம்ம மிஸ் பண்ணிட்டமே!" என்று எழுந்து கைகொடுத்தார். அதோடு விடாமல் பிறந்தநாள் பாட்டையும் ஆரம்பித்துவிட்டார். கவிதா என் முகத்தைப் பார்க்காமல் கைதட்டினாள். எல்லாம் தெரிந்த மற்றவர்களும் சேர்ந்து பாடினார்கள். நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

என் பிறந்தநாள் டிசம்பரில் என்று தெரிந்தவர்கள், அன்றைக்குத் தயவுசெய்து வாழ்த்திவிடாதீர்கள். வேண்டுமானால் இப்போதே கீழே கமெண்டில் சொல்லிவிடுங்கள்.

இத்தனை வருடம் உழைத்த இந்தத் தொழிற்சாலையைப் பொறுத்தவரை, நான் போன வாரம்தான் பிறந்தவன்.